வேலுச்சாமி நினைவாக வந்த மாடு

மைக்கை வாங்கினால் திருப்பிக் கொடுக்க மனசு வராத என் மாப்ளை வேலுவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் கரண்ட் உண்டா? குழாய் ஸ்பீக்கர் கட்ட உயரமாக ஏதாவது மரம் உண்டா? இரண்டும் இருந்திருந்தால் உன் சத்தம் இதற்குள் கயத்தாறு வரைக்கும் கேட்டிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியும் அதற்கு என்மேல் இரக்கம் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

படிப்பகத்துப் பிள்ளைகள் ஆண்டு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். உன்னைப் பற்றி ஊருக்கு என்ன சொல்ல? ஊருக்கு உன்னைத் தெரியும். ஊரைப் பற்றித்தான் உனக்கு இப்போது தெரியாது. அதனால் உனக்கே எழுதிவிட்டேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

மழை தாமதமாக வந்தது. வந்த பிறகு போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. உளுந்து நெற்றிலேயே முளைத்துவிட்டது. மக்காச்சோளத்தில் பாதியைப் புழு தின்றது, பாதியைப் பன்றி தின்றது, தட்டை எங்களுக்கு. நம் லோடு ஆட்டோ ஒருநாள் கரிசலில் இறங்கிவிட்டது. டயர் எது, மண் எது என்று பிரித்துப் பார்க்கவே பாதிப் பகல் போயிற்று. குழாய்க்கு இப்போது மவுசு இல்லை. நெஞ்சு அதிர்கிற மாதிரி பெட்டி பெட்டியாக அடுக்கச் சொல்லுகிறார்கள். உன் மகன் கார்த்திக் அதையும் வாங்கிப் போட்டிருக்கிறான். நான் பழையபடி வயர் சுற்றுகிறேன். தொழிலில் முன்னேறவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நீ மைக்கில் சொன்ன கல்யாணம் நின்றுபோகிற மாதிரி இருக்கிறது.

எதைச் சொல்கிறேன் என்று தெரிகிறதா? பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது ஒரு மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு நான் மைக்செட் போட, நீ வர்ணனை சொன்னாய். வண்டிகள் எல்லையைத் தொட்டுத் திரும்புவதற்கு எப்படியும் நேரம் ஆகும். கண்ணுக்கு ஒரு மாடும் தெரியாது, வெறும் ரோடுதான். ஆனால் மைக் பிடித்தவன் வாயை மூடினால் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும். அந்த நேரத்தை நிரப்ப நீ ஊரில் உள்ள எல்லாரையும் இழுப்பாய். அன்றைக்கு என்னை இழுத்தாய்.

"இங்கன மைக்செட்டு போட்டிருக்கது என் மச்சான் சுப்பையா. இன்னைக்கு மச்சான், நாளைக்குச் சம்மந்தி! ஏ சுப்பையா, உம் மவளை வேற எவனுக்கும் பேசிராத, எம் பய இருக்கான்!"

பிள்ளைகள் இரண்டும் மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஐஸ் தின்றுகொண்டிருந்தன. நாலு திசையிலும் குழாய் கட்டியிருந்தேன். கட்டினது நானே. பக்கத்து ஊர்க்காரன்கூட என்னைச் 'சம்மந்தி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

வளர்ந்த பிறகு அவர்களுக்கே ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் வந்தது. அது உன் வர்ணனையால் வந்ததா, தானாக வந்ததா என்று நான் ஆராயவில்லை. உன் வருஷத் திவசம் முடிந்ததும் தாம்பூலம் மாற்றினோம். தையில் கல்யாணம் என்று பேச்சு.

என் மகள் மாரீஸ்வரி கோவில்பட்டியில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், கூட வேலை பார்க்கிற பையனோடு பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்த கார்த்திக் பார்த்திருக்கிறான். நடுவில் பஸ் சத்தம், ஆட்டோ சத்தம். ஒரு வார்த்தை காதில் விழ வழியில்லை. ஆனாலும் அவளிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மாரி சொன்னாள்.

"எப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"என்னட்டி, என்ன ஆச்சு?"

"நான் என்ன பேசுனேன்னு அவன் கேக்கலப்பா. நான் என்ன பேசுனேன்னு அவனே எனக்குச் சொல்லுதான். வேலையை விட்டுரணுமாம்."

"பிரியத்துல சொல்லுதான்டி. சின்னப் பய..."

மகள் என்னைப் பார்த்தாள். கண்ணாடிச் சில்லில் கெட்டுப்போன ரத்தத்தைப் பார்க்கிற பார்வை அது. நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் உன் வீட்டுக்காரி செண்பகம் தங்கச்சி வந்தது. உட்காரவில்லை. "அண்ணே, அவிய மைக்குல சொல்லிட்டுப் போன சொல்லு. நீங்க பொய்யாக்கிராதீங்க" என்றது. நீ சொன்ன சொல்லுக்கு நான் ஜாமீன். என் மகளோ யாரையும் ஜாமீனுக்குக் கூப்பிடவில்லை. இப்படியே சில வாரம் ஓடியது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன், கனெக்சன் கொடுக்காத வயர் மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் படிப்பகத்து அருண் வந்தான். காலேஜில் பாடம் நடத்துகிற பையன், மரியாதையான பையன். ஸ்பெயின் தேசத்துப் பழைய படம் ஒன்றைத் திரை கட்டிக் காட்டப் போகிறார்களாம். மாடு பிடிக்கிறவன் கதை. காதல் உண்டு, பொறாமை உண்டு. நம்ம ஊர் மாடு என்றால் உயிரை விடுகிற ஊராச்சே, கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு சிக்கல்தான். அது பேசாத படம். வாய் அசையும், சத்தம் வராது. இடையிடையே எழுத்து வரும், அதுவும் அந்த ஊர்ப் பாஷை.

"வேலு அண்ணாச்சி இருந்தா அவியளையே சொல்லச் சொல்லியிருப்போம். நீங்க சொல்லுதீங்களா?"

மாப்ளே, இத்தனை வருஷத் தொழிலில் நான் மைக்கில் பேசியது 'ஹலோ, மைக் டெஸ்டிங்' மட்டும்தான். அதையும் நீ பிடுங்கி முடித்து வைப்பாய். சரி என்று சொல்லிவிட்டேன். அருண் கதை முழுவதையும் டீக்கடையில் சொன்னான். ஒரு காதில் அதைக் கேட்டேன். இன்னொரு காது பக்கத்து வீட்டுச் சடங்கில் ஓடிய ஸ்பீக்கரின் இரைச்சலில் இருந்தது. எர்த் சரியில்லை அதற்கு. கதையில் பாதி எனக்குள் வந்து சேரவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நம்ம ஊர்க் கல்யாண மண்டபம். ஜன்னலை எல்லாம் பந்தல் துணி கட்டி மறைத்தோம். முன்வரிசையில் செண்பகம். பெண்கள் பக்கம் மாரி, அவள் அம்மாவோடு. ஆம்ப்ளிபயர் பக்கத்தில் கார்த்திக். இந்த மூன்று பேரையும் ஒரே மண்டபத்தில் கூட்டி வைக்க ஸ்பெயினிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது, பார்த்தாயா?

படம் ஆரம்பித்தது. சரிகை வைத்த சட்டை, இறுக்கமான கால்சட்டை போட்டு ஒருத்தன் கூட்டத்துக்குக் கும்பிடு போட்டான். அவன் பேர் என் வாயில் நுழையவில்லை. பாண்டி என்று வைத்தேன். மேலே வேடிக்கை பார்க்கிறவர்களின் பலகையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் பூ இருந்தது. ரோசம்மா என்று வைத்தேன். கூட்டம் ஒத்துக்கொண்டது. அப்புறம் கதவைத் திறந்து மாட்டை விட்டார்கள். கறுப்பு மாடு. திமில் இல்லை, ஆனால் கழுத்து மட்டும் அம்மிக்கல் மாதிரி.

அங்கேதான் பழக்கதோஷம் வந்து உட்கார்ந்தது. மாடு களத்துக்கு வந்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும்? எந்த ஊர், யார் மாடு. அதைச் சொல்லாமல் மாட்டை ஓடவிட்டு நாம் பார்த்ததே இல்லை. படத்தில் அந்த விவரம் எங்கேயும் கிடையாது. கூட்டத்திலிருந்து ஒருத்தர், "மாடு யார்து சுப்பையா?" என்று கேட்டே விட்டார். எனக்கு வேறு பேர் வரவில்லை மாப்ளே.

"கோவில்பட்டி வட்டாரம் வர்ணனைப் புகழ் வேலுச்சாமி அவர்களின் நினைவாக வருகிற மாடு!"

மண்டபம் கைதட்டியது. செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தது. நல்லா இருக்கே என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாண்டி கையில் பிடித்த துணிக்குள்ளிருந்து வாளை உருவினான்.

அவர்கள் மாட்டைக் கொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அதை உன் பேரில் விட்டுவிட்டேனே! மாடு முன்னங்காலை மடித்துச் சரிந்தது. செண்பகம் எழுந்து நின்றது.

"அண்ணே, அவிய பேருல வந்த மாட்டை எதுக்குக் குத்துதான் அவன்?"

"அது அவங்க ஊர்ப் பழக்கம், தங்கச்சி."

"பழக்கம்னா? பிடிச்சா பிடிக்கணும், தோத்தா போகணும். கமிட்டியில யாரும் கேக்க மாட்டாவளா?"

"கேளுங்கலே!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல். அருண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். இன்னொரு மாடு பின்னால் வருகிறது, அதுவும் வேலுச்சாமி நினைவாகத்தான், கொஞ்சம் பொறுங்கள் என்று மைக்கில் அறிவித்து உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் பாண்டிக்கு ஒரு ஆதரவாளர்கூட இல்லை. படம் எடுத்தவர்கள் அவனைக் கதாநாயகன் என்று நினைத்து எடுத்திருக்கிறார்கள், பாவம்.

கதை நடுவுக்கு வந்தது. ரோசம்மா ஒரு கூடத்தில் நிற்கிறாள். மீசை வைத்த ஒருத்தன் வருகிறான். அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடிக்கிறாள். காதோடு ஏதோ சொல்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இதைத் தூண் மறைவில் பாண்டி பார்க்கிறான். முகம் கறுக்கிறது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வண்டி கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் நீ எப்படிப் பேசுவாய்! அதே மாதிரி ஏற்றிவிட்டேன்.

"ரோசம்மா சொல்லுகிறாள்: இந்தப் பாண்டிப் பயலை நம்பி நான் ஏமாந்தேன். மீசைக்காரரே, வாரும், விடியுமுன்னே ஊரைவிட்டு ஓடிருவோம்!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். என் மகள் குரல்.

"எப்பா, அவ அப்படிச் சொன்னான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூட்டம் சிரித்தது. நான் விடுவேனா? "வாய் அசையுதே, பாத்தா தெரியாதா?" என்றேன். கார்த்திக் தலையை ஆட்டிக்கொண்டே என் மைக்கின் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தான். எனக்கு அது பாராட்டாகத் தெரிந்தது. அதற்கப்புறம் ரோசம்மாவும் மீசைக்காரனும் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் துரோகத்தைப் போட்டேன். தண்ணீர் கேட்டால்கூடத் துரோகம்தான். ஒவ்வொரு வசனத்துக்கும் கார்த்திக் முகத்தில் ஒரு திருப்தி. நான் சொன்னேன் இல்லையா என்கிற திருப்தி.

கடைசிச் சண்டை. பாண்டி களத்தில் நிற்கிறான். மாடு வருகிறது. நம்ம இரண்டாவது மாடு. அவன் மாட்டைப் பார்க்கவில்லை. மேலே பலகையைப் பார்க்கிறான். அங்கே ரோசம்மா மீசைக்காரனிடம் குனிந்து என்னவோ சொல்கிறாள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நிற்க, மாடு வந்து தூக்கிவிட்டது.

மண்டபம் எழுந்து விசிலடித்தது மாப்ளே! ஒருத்தர் தோளில் கிடந்த துண்டைத் திரையைப் பார்த்து வீசினார். "வேலுச்சாமி மாடு செயிச்சிட்டு!" என்று சத்தம். கதாநாயகன் சாகக் கிடக்கிறான், இவர்கள் மாட்டுக்குப் பரிசு எங்கே என்று கேட்கிறார்கள். செண்பகம் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நான் மைக்கில் வெற்றியை அறிவித்துக்கொண்டிருந்தபோது படம் என்னைக் கேட்காமல் நகர்ந்துவிட்டது.

ஒரு கட்டில். பாண்டி கிடக்கிறான். ரோசம்மா அழுகிறாள். மீசைக்காரனும் அழுகிறான். வயசான அம்மா ஒருத்தி உள்ளே வந்தாள். வந்தவள் ரோசம்மாவை ஒரு கையிலும் மீசைக்காரனை ஒரு கையிலும் அணைத்துக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால் சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கியது. அதே அம்மா, இளவயசில், மடியில் பெண் குழந்தை, பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு பையன்.

முதலில் புரிந்தது செண்பகத்துக்குத்தான்.

"ஐயோ அண்ணே! அது அவ கூடப்பொறந்தவன்லா!"

அப்புறம் மண்டபம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பந்தல் துணி அவிழ்ந்துவிடும் என்று பயந்தேன். "அண்ணங்காரனோட ஓடச் சொன்னியேய்யா சுப்பையா!" என்று ஒருத்தர். "சாமி குத்தமாயிரும்யா!" என்று இன்னொருத்தர். அருண் நெற்றியில் அடித்துக்கொண்டான். டீக்கடையில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னானாம். ஊரைவிட்டுப் போயிருந்த அண்ணன் திரும்பி வருகிறான் என்று.

நானும் சிரித்தேன். அசடு வழிய எனக்குப் பயிற்சி தேவையில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று மைக்கை வாய்க்குக் கொண்டு போனேன். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கார்த்திக் என் மைக்கின் சத்தத்தை முழுக்க இறக்கிவிட்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ரோசம்மா செத்தவனின் தலையை மடியில் வைத்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது.

மிச்சப் படம் பேச்சில்லாமல் ஓடியது. நம்ம மைக்செட் போட்ட இடத்தில் அத்தனை பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். யாரும் டீக்கடைக்குப் போகவில்லை. நீ நம்பமாட்டாய்.

முடிந்ததும் வயர் சுற்றினோம். கார்த்திக் சுற்றின வயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான்.

"மாமா."

"என்னலே?"

"நீங்க சொல்லச் சொல்ல எனக்கு அவ அப்படித்தான் பேசுற மாதிரியே இருந்துச்சு. நிசமாவே காதுல கேட்டுச்சு."

"நான் சொன்னா அப்படித்தான்டா இருக்கும். உங்கப்பன்கிட்ட வயர் சுத்துனவன்லா நான்."

அவன் சிரிக்கவில்லை. வயரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். மாரி லோடு ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் போய் எதிரில் நின்றான். பக்கத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி.

நான் மண்டப வாசலில் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் ஏதோ கேட்டான். சின்னக் கேள்விதான், சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் காலால் மண்ணைத் தள்ளினாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் பேசினாள். கையை விரித்து, விரலை நீட்டி, ரோட்டைக் காட்டி. அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். ஒரு இடத்தில் அவள் சிரித்தாள். அது எந்த வகைச் சிரிப்பு?

செண்பகம் என் பக்கத்தில் வந்து நின்றது. "என்ன அண்ணே பேசிக்கிடுதாவ? சேந்துக்கிடுவாவளா?"

மாப்ளே, ஒரு வரி நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீயாக இருந்தால் குழாய் வைத்துச் சொல்லியிருப்பாய். "தெரியல தங்கச்சி. நமக்குக் கேக்கல" என்றேன். இரண்டு பேரும் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கடிதத்தை மலருக்குக் கொடுக்கும் முன்னால் இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். கார்த்திக், கொடுங்கள் மாமா என்றான். மாரி ஒரே ஒரு வரியை அடித்தாள். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று நான் ஊகித்து எழுதியிருந்த வரி. "அதை நான் சொல்லும்போது எழுதிக்கிடுங்க" என்றாள். வேலைக்குப் போகிறாள். தை வர இன்னும் நாள் இருக்கிறது. தேதி குறிக்கவில்லை, தாம்பூலத்தைத் திருப்பியும் கொடுக்கவில்லை.

உன் சொல் பொய்யாகுமா மெய்யாகுமா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அவள் வாயால் சொல்லுகிற வரைக்கும் அவளுக்காக நான் ஒரு வார்த்தை போடமாட்டேன். உனக்காகவும் போடமாட்டேன். அவள் வேண்டாம் என்றால் அதை உனக்கு அப்படியே எழுதுவேன். வேண்டும் என்றாலும் அப்படியே. எப்படி ஆனாலும் உன் மகன் என்னோடு வயர் சுற்றுவான், செண்பகத்துக்கு அண்ணன் வீடு இருக்கும். இனி எந்த ஊரில் பந்தயம் நடந்தாலும் வேலுச்சாமி நினைவாக ஒரு வண்டி ஓடும். அந்த மாட்டை மட்டும் ஸ்பெயினுக்கு அனுப்பமாட்டேன்.

சம்மந்தி என்று கையெழுத்துப் போட இன்னும் உத்தரவு வரவில்லை. ஆகவே இப்போதைக்கு,

உன் மச்சான்,
சுப்பையா